தரங்கம்பாடிப் புதிய எருசலேம் திருக்கோயில்: அமைப்பும் அவையும்

தமிழகக் கடற்கரையூர்களில் நிற்கும் பழைய கிறித்தவத் திருக்கோயில்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும், கட்டினார் யார், கட்டிய ஆண்டு யாது என்னும் இரண்டு வினாக்களோடு அமைந்துவிடுகின்றனர். கட்டட அமைப்பை நோக்குவோரும் முகப்பை மட்டும் நோக்கி, ‘ஐரோப்பியப் பாணி’ என ஒரு சொல்லால் முடித்துவிடுகின்றனர். அக்கட்டடத்துள் அமர்ந்தவர் யாவர், எவ்வாறு அமர்ந்தனர், எம்மொழியை எவ்விடத்து நின்ற ஒருவன் வாயிலாகக் கேட்டனர் என்னும் வினாக்கள் அவர்பால் எழுவதில்லை. தமிழாராய்ச்சியாளர்க்கு உரியவை இப்பிற்பகுதி வினாக்களே என்பது எம் துணிபு. செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கும் ஒரு கட்டடத்தை ஓர் அவையாகக் கருதிப் பார்க்குமிடத்து, அது கலை வரலாற்றுக்கு மட்டுமன்றி மொழி வரலாற்றுக்கும் சமுதாய வரலாற்றுக்கும் சான்றாகின்றது. இந்நோக்குடன் மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடியிலுள்ள புதிய எருசலேம் திருக்கோயிலை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

தரங்கம்பாடி, பூம்புகார்க்குத் தெற்கிலும் காரைக்கால்க்கு வடக்கிலும் அமைந்த ஒரு சிறு கடற்கரையூர். ‘அலைகள் பாடும் ஊர்’ என அதன் பெயர்க்குப் பொருள் கூறுவது இன்று பெருவழக்காயிற்று. சுற்றுலாக் கையேடுகள் இதனை விடாது எழுதுகின்றன. கேட்பதற்கு இனிதேயாயினும் இப்பொருள் பொருந்துமாறில்லை. பாடி என்பது ஊரையும் குடியிருப்பையும் குறிக்கும் பெயர்ச்சொல். பாடுதல் தொழிலோடு அதற்கு ஈண்டுத் தொடர்பில்லை. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கின்றது. சடங்கன்பாடி நாளடைவில் தரங்கம்பாடியாகத் திரிந்த பின்னரே, தரங்கம் அலையாதல் கண்டு பிற்காலத்தார் பாட்டையும் சேர்த்துக்கொண்டனர் எனக் கொள்வதே நேரிது. பெயர்க்கு நேர்ந்த இந்நிலையே இவ்வூர்க் கட்டடங்கட்கும் நேர்ந்தது. பின்வந்தோர் இனிய பொருளொன்றைக் கற்பித்துக்கொண்டு பழைய பொருளை மறந்தனர்.

1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு டேனியர் உடன்படிக்கை செய்துகொண்டு இவ்வூரைப் பெற்றனர். டான்சுபர்க்குக் கோட்டையை எழுப்பினர். 1845இல் ஆங்கிலேயர்க்கு விற்றகன்றனர். இடைப்பட்ட காலத்தில் கடற்கரைக்கும் நகர வாயிலுக்கும் இடையே ஓடிய அரசர் தெருவில் இரண்டு திருக்கோயில்கள் எழுந்தன. முன்னது 1701இல் ஐரோப்பியர்க்கெனக் கட்டப்பட்ட சீயோன் திருக்கோயில். பின்னது 1718இல் தமிழ்ச் சபைக்கெனக் கட்டப்பட்ட புதிய எருசலேம் திருக்கோயில். இந்தியாவின் முதற் சீர்திருத்தச் சபைக் கோயில் சீயோன் என எழுதுவோர் உளர். சென்னைப் புனித சார்சுக் கோட்டையிலுள்ள புனித மரியாள் திருக்கோயில் 1680இலேயே வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டமையின் அக்கூற்று நில்லாது. ‘முதல்’ என்னும் சொல்லைத் தேடி அலையும் ஆராய்ச்சியால் விளையும் பயன் சிறிதே. ஒரே தெருவில் ஒரே சமயத்தார்க்கு, ஒரே லுத்தரன் கொள்கையினர்க்கு, இரண்டு கோயில்கள் ஏன் வேண்டியிருந்தன என்பதே வினாவுதற்குரியது.

இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்கு, புளூச்சோ என்னும் செருமானியர் இருவர் 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினர். மன்னர் அனுப்பியும், கோட்டைத் தலைவர் ஆசியசு அவர்களை விரும்பி ஏற்றாரல்லர். சீயோன் கோயில் ஐரோப்பியர்க்குரியதாயிருந்தது. தமிழர்க்கு வேறிடம் வேண்டுமாயின் அதனைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியவராயினர். ஆகவே தம் ஊதியத்திலிருந்து பொருள் ஒதுக்கிக் கடற்கரையை அடுத்து ஒரு சிறு கோயில் கட்டினர். 1707ஆம் ஆண்டு ஆகத்து 14ஆம் நாள் அது திறக்கப்பட்டது. எருசலேம் எனப் பெயர் பெற்றது. அடுத்த ஆண்டிலேயே சீகன்பால்கு கோட்டையில் நான்கு திங்கள் சிறைவைக்கப்பட்டார் என்பதை நோக்கின், அக்கோயில் எத்தகைய சூழலில் நின்றது என்பது விளங்கும். 1715ஆம் ஆண்டுக் கடற்பெருக்கில் அது சிதைவுற்றது என்பர். சபை பெருகியமையால் இடமும் போதாதாயிற்று. அதனால் நகரினுள் அரசர் தெருவில் புதிய கோயிலுக்கு 1717ஆம் ஆண்டு பிப்பிரவரி 9ஆம் நாள் கால்கோள் நிகழ்ந்தது. 1718ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் அது வழிபாட்டுக்கு உரியதாயிற்று. இருபது திங்களில் நிறைவேறிய வேலை இது.

இனிக் கட்டடத்தைக் காண்போம். தெருவில் நிற்பார்க்கு முதலில் தோன்றுவது முகப்பு. வளைந்து உயர்ந்த முகட்டுச் சுவரும், அதன்கண் முடியோடு கூடிய அரசர் பெயரெழுத்துப் பின்னலும், 1718 என்னும் ஆண்டும் கண்ணைக் கவரும். இது பிரெடெரிக் மன்னரின் முத்திரை. இம்முத்திரையைக் கண்டோர் இக்கோயிலை அயல்நாட்டு அரசின் பெருமைச் சின்னம் என்கின்றனர். அவர் கூற்று முற்றும் பிழையன்று. ஆண்டுதோறும் அஞ்சல் வருவாயிலிருந்து 2000 நாணயம் இத்திருப்பணிக்கு அளித்த மன்னரின் பெயரை முகப்பிலிடுதல் நன்றிக்கடன் எனலாம். உள்ளூர் அதிகாரிகளின் பகையைத் தடுக்கும் காவலும் அதுவே எனல் இன்னும் பொருந்தும். சிறையிருந்து மீண்டவர் கட்டிய கோயிலின் நெற்றியில் அரசர் முத்திரை இருத்தலைப் பணிவு என மட்டும் கொள்ளுதல் வரலாற்றறிவாகாது. தெருவில் நடக்கும் கோட்டைத் தலைவர்க்கு அது ஒரு செய்தியைக் கூறியிருத்தல் வேண்டும். ஆயின் முகப்பைக் கடந்து உள்ளே புகுவார்க்கு மன்னர் மறைந்துவிடுகின்றார். உள்ளே ஆட்சி செய்வது வேறொன்று.

தரையமைப்பில் இக்கோயில் சிலுவை வடிவினது. நான்கு சிறகுகளும் ஒத்த அளவின. இலத்தீன் சிலுவை எனப்படும் நெடிய வடிவில் ஒரு சிறகு மிக நீண்டு ஏனைய குறுகி நிற்கும். இதனை அவ்வாறன்றிக் கிரேக்கச் சிலுவை என்பர். தடித்த செங்கற்சுவர், சுண்ணாம்புப் பூச்சு, வளைவுத் தலைகொண்ட உயர்ந்த சாளரங்கள் என்பன காவிரிக் கழிமுகத்துக் கடலோரத்தில் எளிதிற் கிடைத்த பொருளாலும் உள்ளூர்க் கொத்தர் கைத்திறத்தாலும் ஆனவை. இவற்றில் வியத்தற்கு ஒன்றுமில்லை. ஊரில் டேனிய வணிகர் வாழ்ந்த மாளிகைகளும் இவ்வாறே அமைந்தன. வியத்தற்குரியது தரைப்படமே.

இவ்வடிவம் எங்கிருந்து வந்தது? ஒருசார் எழுத்தாளர் நான்கு திசையையும் ஒப்ப நோக்கும் நம் நாட்டுக் கோயில் விமானங்களோடு இதனை ஒப்பிட்டு, இந்திய மரபின் சாயல் என்பர். எமக்கு அது உடன்பாடன்று. அவ்விமானத்தின் நடுவே கருவறையும் அதனுள் காட்சிக்குரிய திருமேனியும் உள. இங்கே நடுவிடம் வெறுவெளி. வடிவின் மூலத்தை வட ஐரோப்பாவிலேயே தேடுதல் வேண்டும். 1620க்கும் 1623க்கும் இடையில் ஆம்சுடர்தாமில் எழுந்த வடதிருக்கோயில், 1656இல் தொடங்கி நூற்றாண்டின் இறுதியில் நிறைவுற்ற சுடாக்கோல்மு நகரக் கத்தரீனாள் திருக்கோயில், 1682 முதல் 1696 வரை கட்டப்பெற்ற கோப்பன்கேகன் மீட்பர் திருக்கோயில் ஆகியவை சமசிறகுச் சிலுவை வடிவின. சீர்திருத்தச் சபையார் வழிபாட்டின் நடுவில் வைத்தது மறையுரையை. 1544இல் தோர்காவு அரண்மனையில் லுத்தர் தாமே திறந்துவைத்த சிற்றாலயமே இக்கொள்கைக்கு முதற்சான்று. அங்கே கூடியிருந்தோர் யாவரும் உரைப்பவனைக் கேட்குமாறு மேடை நீள்சுவரின் நடுவே அமைக்கப்பட்டது. காட்சிக்கெனக் கட்டுவதும் கேள்விக்கெனக் கட்டுவதும் இருவேறு கலைகள்.

இவ்வேறுபாட்டைத் தமிழகக் கடற்கரையிலேயே காணலாம். மணப்பாட்டில் மணற்குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவைத் திருக்கோயிலில் கத்தோலிக்கர் போற்றுவது இயேசுவின் சிலுவையின் ஒரு கூறு எனக் கருதப்படும் திருப்பொருள். கடலில் வருவோர்க்குத் தொலைவிலேயே தோன்றும் குன்று, ஏறிச் சென்று நெடிய கூடத்தின் கோடியில் காணும் பீடம் என அனைத்தும் கண்ணை ஒரு முனைக்கு ஈர்த்துச் செல்வன. அங்கே அடியார் நடந்து சென்று காண்பவர். தரங்கம்பாடியில் அடியார் அமர்ந்து கேட்பவர்.

ஒரு சிறு கணக்கினால் இதனை விளக்கலாம். ஒத்த பக்கமுடைய ஐந்து சதுரங்களை ஒருவர்க்குக் கொடுத்து, மக்கள் அமர ஒரு கூடம் சமைக்கச் சொன்னால், அவர் அவற்றை வரிசையாக நீட்டி வைக்கலாம். நடுவே ஒன்றும் அதன் நாற்புறத்தும் ஒவ்வொன்றுமாகவும் வைக்கலாம். முதல்வகையில் ஒரு கோடியில் நிற்பவனுக்கும் மறுகோடியில் அமர்ந்தவனுக்கும் இடையே ஐந்து சதுரத் தொலைவு. இரண்டாம் வகையில் நடுச்சதுரத்தின் ஒரு மூலையில் மேடையமைத்தால், மிகத் தொலைவில் அமர்ந்தவனும் இரண்டேகால் சதுரத் தொலைவுக்கு அப்பால் இரான். அம்மூலையிலிருந்து நான்கு சிறகுகளும் கண்ணுக்குப் புலனாம். ஒரே பரப்பு; தொலைவு பாதிக்கும் குறைவு. தரங்கம்பாடிக் கோயிலின் நடுவெளியை ஒட்டி அருளுரை மேடை அமைந்ததன் காரணம் இதுவே. பெருங்காற்றும் அலையோசையும் உள்ள கடற்கரையில், திறந்த சாளரங்களின் இடையே, ஒரு மனிதனின் குரல் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை அறிந்தவர் செய்த அமைப்பு இது. இக்காலத்து மாணாக்கர்க்கு இதனை உணர்த்துதல் அரிதாகின்றது. திருப்பெரும்பூதூர், ஒரகடம் போன்ற தொழிற்சாலைப் பகுதிகளில் தகரக்கூரையிட்டு எழுப்பும் நீண்ட வழிபாட்டுக் கூடங்களில் ஒலிபெருக்கி இருத்தலின், கூடத்தின் வடிவம் குரலுக்குக் கட்டுப்படுவதில்லை. மனிதக் குரலே கட்டடத்தின் அளவுகோலாக இருந்த காலத்தை மனத்திற் கொண்டாலன்றி இக்கோயிலின் தரைப்படம் பொருள் தாராது.

அக்குரல் பேசியது தமிழ். ஈண்டே எம் துறைக்குரிய செய்தி தொடங்குகின்றது.

சீகன்பால்கு தமிழ் கற்ற முறை பலரும் அறிந்ததே. சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துக் கற்றார். எழுபது வயதான ஆசிரியர் ஒருவரை அமர்த்திப் பனையோலை நூல்களை மீண்டும் மீண்டும் படிப்பித்துக் கேட்டார். அவ்வாசிரியரின் மகன் கணபதி வாத்தியார் அவர்க்குத் துணையானார். 1708க்குள் தமிழ் நூல்களைத் திரட்டி விளக்கப் பட்டியல் ஒன்று எழுதினார்; நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமன் மொழியில் பெயர்த்தார். இவையனைத்தினும் யாம் கருதற்குரியது, அவர் தமிழ் செவிவழி வந்த தமிழ் என்பது. கேட்டுக் கற்றவர் கேட்பதற்கென எழுதினார். 1713இல் ஆலே நகரத்து எழுத்துகளைக் கொண்டு தரங்கம்பாடியில் தமிழ் அச்சாகத் தொடங்கிற்று. 1715இல் புதிய ஏற்பாடு நிறைவெய்திற்று. அந்நூலின் நடையைக் குறைகூறாத தமிழறிஞர் அரியர். வீரமாமுனிவர் 1728இல் இயற்றிய வேதவிளக்கத்தில் லுத்தரன் சபையாரின் தமிழை எள்ளி நகையாடினார். அவர் எள்ளிய வழுக்கள் மெய்யே. அவற்றை மறைத்துப் பேசுதல் எம் நோக்கமன்று. இத்துணைக் கடுமையாக எள்ளிய வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமே பின்னர் 1738இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சாயிற்று என்பதும் இவ்விடத்து நினைவுகூரத் தக்கது. பகைமை எல்லை கடந்ததன்று போலும்.

ஆயினும், எழுதிய ஏட்டைக் கண்ணால் நோக்கி அளக்கும் அளவுகோலை மேடையிலிருந்து கேட்பிக்க எழுந்த உரைநடைக்கும் அப்படியே பொருத்துதல் முறையாகாது என்பது எம் கருத்து. தமிழில் உரைநடை இதற்கு முன்னரும் உண்டு. பழைய உரையாசிரியர் நடை கற்றார் அவைக்கு உரியது. அண்டிரிக்கு அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. தத்துவ போதகர் சமய நூல்களை உரைநடையில் இயற்றினார். எனவே தரங்கம்பாடியாரைத் தமிழ் உரைநடையின் தந்தையர் என்பார் கூற்று மிகைபடக் கூறலாம். அவர் செய்த புதுமை வேறு. மீனவர், கைவினைஞர், வேலையாள், சிறுவர், பெண்டிர் எனக் கல்லாத மக்களும் நிறைந்த ஒரு கலப்பு அவையை வாரந்தோறும் ஓரிடத்தில் அமர்த்தி, உரைநடையையே கேட்பித்தனர். கதாகாலட்சேபமும் கூத்தும் பாட்டால் நடப்பவை. இங்கே பாட்டும் உண்டாயினும், செருமானிய மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டுகள் மறையுரைக்கு முன்னும் பின்னும் நின்றன. நடுவில் நின்றது உரை. அவ்வாறு கேட்பிக்கும் உரையில் வாக்கியம் ஒரு மூச்சில் முடிதல் வேண்டும். ஒரு சொல்லை இருமுறை கூறுதல் வழுவாகாது. வினாவெழுப்பி விடை கூறுதல் இன்றியமையாதது. பிற்காலக் கிறித்தவத் தமிழில் நாம் காணும் இவ்வியல்புகளை ‘மிசனரித் தமிழ்’ என இகழ்ந்து தள்ளுவதைவிட, அவை எழுந்த அவையின் அமைப்போடு இணைத்து ஆராய்தல் தக்கது. சபையின் ஒரு பகுதியினர்க்குப் போர்ச்சுக்கீசிய மொழியிலும் உரை நிகழ்ந்தது.

இதுகாறும் கூறியவற்றால் இக்கோயிலைப் புகழ்வதே எம் கருத்தெனக் கொள்ளற்க. சமசிறகு வடிவைச் சமத்துவத்தின் சின்னமாகக் காட்டும் ஒரு கருத்து அண்மைக் காலமாக நூல்களிலும் விழா மலர்களிலும் வேரூன்றி வருகின்றது. நான்கு சிறகும் ஒத்த நீளமுடையன; ஆதலின் அவற்றில் அமர்ந்தோரும் ஒத்தவராயினர் என்பது அதன் சாரம். இது பெயர்க்குப் பாட்டைச் சேர்த்தது போன்றதே. வடிவத்தைக் கண்டு வழக்கத்தை ஊகித்தல் ஆராய்ச்சி நெறியன்று. இச்சபையில் மக்கள் அமர்ந்த முறை அக்காலத்து மிசனரியார் குறிப்புகளால் நமக்குத் தெரிகின்றது. 1707இல் கட்டிய முதற்கோயிலிலேயே, ஐரோப்பிய உடை தரித்தோர் விசிப்பலகையிலும் முக்காலியிலும், தமிழுடை தரித்தோர் பாயிலும் வெறுந்தளத்திலும் அமர்ந்தனர். ஆடவரும் பெண்டிரும் வேறு வேறு. பின்னர், வேளாளர் முதலாய குலத்திலிருந்து வந்தோரும் பறையர் குலத்திலிருந்து வந்தோரும் ஒரே கூரையின் கீழ், இடைவெளி விட்டுத் தனித்தனியே அமர்ந்தனர்.

அங்ஙனமாயின் சிறகுகளின் பயன் யாது? செருமனியில், கருங்காட்டுப் பகுதியில் உள்ள பிராய்டன்சுடாட்டு என்னும் ஊர்த் திருக்கோயில் இவ்வினாவுக்கு வெளிச்சம் தருகின்றது. 1601 முதல் 1608 வரை சிக்கார்டு என்னும் சிற்பியால் கட்டப்பெற்ற அது, இரண்டு கூடங்கள் செங்கோணத்தில் கூடும் வடிவினது. ஒரு கூடம் ஆடவர்க்கு, மற்றொன்று பெண்டிர்க்கு. இருசாராரும் ஒருவரையொருவர் காணார். கோணத்தில் நிற்கும் குருவை மட்டும் இருவரும் காண்பர், கேட்பர். லுத்தரன் மரபில் சிறகமைப்பு என்பது தொடக்கத்திலிருந்தே, பிரித்து அமர்த்தி ஒருங்கு கேட்பிக்கும் கருவியாகவும் இருந்தது என்பதற்கு இஃதொரு தெளிந்த சான்று. பிராய்டன்சுடாட்டில் இரண்டாக இருந்த பிரிவுக்கு இரண்டு சிறகு போதியதாயிற்று. தரங்கம்பாடியில் ஆண், பெண், உடை, மொழி, குலம் எனப் பிரிவுகள் பெருகின. நான்கு சிறகும் நடுவெளியும் அவற்றிற்கெல்லாம் எளிதில் இடங்கொடுத்தன. கட்டியோர் இந்நோக்கத்தோடே இவ்வடிவைத் தெரிந்தனர் என யாம் கூறவில்லை. கேள்விக்கெனத் தெரிந்த வடிவம் பிரிவுக்கும் தடையாய் நிற்கவில்லை என்பதே எம் கூற்று. நீண்ட ஒரே கூடத்தில் முன்னவர் யார், பின்னவர் யார் என்னும் வழக்கு எழுந்தே தீரும். நாற்சிறகுக் கோயிலில் அவ்வழக்கு எழாமலேயே ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் அமர்ந்துவிடலாம். அதனால் சாதி வேற்றுமை இங்கே ஒரு கேள்வியாக நெடுங்காலம் உருப்பெறவில்லை. தஞ்சைச் சபையிலும் சென்னைச் சபைகளிலும் 1833இல் ஆங்கிலிக்கப் பேராயர் வில்சன் இருக்கை வேற்றுமையை ஒழிக்க ஆணையிட்டபோது எழுந்த பூசல் பெரிது. தரங்கம்பாடியில் இளமையில் பயின்ற வேதநாயக சாத்திரியார் போன்ற பெரும்புலவரே வேற்றுமையை நீக்கல் ஆகாதென எழுதினார் என்பதை நோக்கின், இவ்வழக்கம் எத்துணை ஆழமாக வேர்கொண்டிருந்தது என்பது புலனாம்.

இருக்கையில் இருந்த வேற்றுமை மேடைக்கும் ஏறியது. 1733இல் ஆரோன் தரங்கம்பாடியில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்திய நாட்டுச் சீர்திருத்தச் சபைக் குருமாருள் அவர் முதல்வர். கடலூரில் பிறந்த வேளாளர். அந்நாளில் தஞ்சைப் பகுதியில் திருப்பணி செய்து வந்தவருள் இராசநாயக்கர் என்பார் ஒருவர். தஞ்சை மன்னர் படையில் பணியாற்றியவர். தரங்கம்பாடியில் அச்சான சீகன்பால்குவின் தமிழ் நூலொன்றைப் படித்து, அந்நூலின் வழியே ஊர் தேடி வந்து இச்சபையிற் சேர்ந்தவர். யாம் மேலே கூறிய உரைநடையின் ஆற்றலுக்கு இவரினும் சிறந்த சான்று இல்லை. அவர் பறையர் குலத்தவர். இரண்டாம் தமிழ்க் குருவைத் தெரிந்தெடுக்கும் காலம் வந்தபோது, உயர்குலத்தோர் அவர் கையால் திருவிருந்து ஏலார் எனக் கருதி அவரை விடுத்தனர். 1741இல் தியோகு என்பார் குருவானார். இராசநாயக்கர் உபதேசியாராகவே நின்றார். நான்கு சிறகுக்கும் நடுவே, யாவர் செவிக்கும் எட்டுமாறு அமைந்த அம்மேடைக்குக் குருவாக ஏறும் உரிமை அவர்க்குக் கிட்டவில்லை. சமத்துவத்தின் கோயில் என எழுதுவோர் இச்செய்தியை எழுதாது விடுத்தல் நேர்மையன்று. மிசனரியாரைக் குலவெறியர் எனத் தூற்றுதலும் எளிது; அதுவும் வரலாறாகாது. அவர் சாதியை விரும்பினாரல்லர். சபை உடையும் என அஞ்சினர். அவ்வச்சத்திற்கு விலை கொடுத்தவர் இராசநாயக்கர்.

சீகன்பால்கு இவற்றுள் பலவற்றைக் காணும் முன்னரே மறைந்தார். கோயில் திறந்து ஐந்து திங்களுக்குள், 1719ஆம் ஆண்டு பிப்பிரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் வயதில் இறந்து அக்கோயிலுள் அடக்கம் பெற்றார். அவர்தம் துணைவர் கிரண்ட்லர் 1720 மார்ச்சில் இறந்து அங்கேயே அடக்கமானார். பலிபீடத்தின் இருபுறத்தும் அவ்விருவர் கல்லறைகள் உள. கேட்பதற்கெனக் கட்டிய கோயிலில் இன்று வருவோர் முதலில் நாடுவது அக்கல்லறைகளையே. காட்சிக்குரிய பொருள் ஒன்றை வேண்டும் மக்கள் இயல்பு, லுத்தரன் தரைப்படத்தையும் வென்றுவிட்டது எனல் தகும்.

கடலைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். முதல் எருசலேம் கோயிலைக் கடல் சிதைத்தது. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையும் கடல் கொண்டது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இவ்வூரில் மீனவர் பலர் உயிரைக் கவர்ந்தது; கட்டடங்களும் ஊறுபட்டன. அதன்பின் அரசர் தெருக் கட்டடங்கள் பல பழுதுபார்க்கப்பட்டன. எருசலேம் கோயிலும் செப்பம் பெற்றது. இன்று அது 1919இல் அமைந்த தமிழ் சுவிசேட லுத்தரன் திருச்சபையின் கீழ் வழிபாட்டிலுள்ள கோயில். செப்பனிடுவோர் கவனம் முகப்பின் மேலும் சாளரங்களின் மேலும் செல்லுதல் இயல்பே; முத்திரை பொலிவுறுகின்றது, சுவர் வெண்மை பெறுகின்றது. எமக்குள்ள கவலை தளத்தைப் பற்றியது. விசிப்பலகைகள் வரிசையாக இடப்பட்டபின், பாயில் அமர்ந்தவர் யாவர், வெறுந்தளத்தில் அமர்ந்தவர் யாவர் என்பதற்குக் கட்டடத்தில் எஞ்சிய சான்று தளமும் அதன் ஏற்ற இறக்கமும் மேடை நின்ற இடமுமே. இனி எப்போதேனும் தளக்கல் பெயர்க்க நேரின், பெயர்க்குமுன் ஒவ்வொரு சிறகையும் தனித்தனியே அளந்து படமெழுதி, ஆலே நகர ஆவணங்களில் உள்ள அமர்வுக் குறிப்புகளோடு ஒப்பிடுதல் வேண்டும். கட்டடக் கலைஞரும் தமிழாசிரியரும் ஒருங்கிருந்து செய்யவேண்டிய வேலை இது. ஆவணத்தைப் படிப்போர் தளத்தைப் பார்த்ததில்லை. தளத்தை அளப்போர் ஆவணத்தைப் படிப்பதில்லை.